ரோசா பார்க்ஸுக்கு அன்றைக்குக் கால் வலிக்கவில்லை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்தது. ஒரு பக்கத்தில் அடங்குகிற சமாசாரமா அது, கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த முறை சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழ் இருக்கிறது.

கேள்வி: பேச்சுப் போட்டிக்கு ரோசா பார்க்ஸ் பற்றித் தயார் செய்கிறேன். வேலை முடிந்து கால் வலியோடு வந்த ஒரு தையல்காரப் பெண், பஸ்ஸில் இடத்தை விட்டு எழ மறுத்தார், அதிலிருந்து எல்லாம் தொடங்கியது என்று எழுதியிருக்கிறேன். சரிதானே? (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

பதில்: பாதி சரி அம்மிணி. தையல் வேலை உண்மை, ஒரு பெரிய கடையில் துணிகளை அளவுக்குத் திருத்தித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கால் வலி பின்னால் யாரோ ஒட்டவைத்தது. அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகக் களைப்பெல்லாம் இல்லை, பணிந்து பணிந்து போனதில்தான் அலுத்துப்போயிருந்தேன் என்று அவரே பிற்பாடு விளக்கியிருக்கிறார். வயதும் 42தான், பலர் நினைப்பதுபோலப் பாட்டி இல்லை.

முதலில் அந்த பஸ் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், அது தெரியாமல் அவர் செய்தது விளங்காது. அலபாமா மாநிலம், மாண்ட்கமரி நகரம். பஸ்ஸில் முன்னால் 10 இருக்கை வெள்ளையருக்கு. அவை காலியாகவே கிடந்தாலும் கறுப்பினத்தவர் நின்றுகொண்டுதான் வர வேண்டும். பின்பகுதி கறுப்பினத்தவருக்கு. நடுப்பகுதியில் அவர்கள் உட்காரலாம், ஆனால் வெள்ளையர் ஒருவர் நிற்கும்படி ஆகிவிட்டால் எழ வேண்டும், ஒரே வரிசையில் இரண்டு இனத்தவரும் உட்காரக்கூடாது என்பதால் அந்த ஒருவருக்காக வரிசையில் இருக்கிற நான்கு பேருமே எழ வேண்டும். முன்வாசலில் டிரைவரிடம் காசைக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, வெளியே நடந்து பின்வாசல் வழியாக ஏறச் சொல்வதும் உண்டு. ஏறுவதற்குள் வண்டியை எடுத்துவிடுகிற புண்ணியவான்களும் இருந்தார்கள். 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை சாயங்காலம் ரோசா பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது அந்த நடுப்பகுதியில். நின்றது ஒரே ஒரு வெள்ளையர். நால்வரில் மூன்று பேர் எழுந்துவிட்டார்கள், இவர் எழவில்லை. டிரைவர் போலீஸைக் கூப்பிட்டார். அபராதம் 10 டாலர், கோர்ட் செலவு 4 டாலர்.

இனி உங்கள் பேச்சில் இல்லாத பகுதி. கறுப்பின மக்களுக்காக வழக்கு நடத்திவந்த என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்க் கிளைக்கு அவர் பல வருடம் செயலாளர். அதே வருடம் கோடையில் டென்னசியில் ஹைலாண்டர் என்ற பள்ளியில் நடந்த பயிற்சி முகாமுக்கும் போய்வந்திருந்தார். அவருக்கு ஒன்பது மாதம் முன்னால், மார்ச் 2 அன்று, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி இதே ஊரில் இதே மாதிரி எழ மறுத்துக் கைதானார். பெரியவர்கள் அந்த வழக்கைத் தூக்கிப் பிடிக்கத் தயங்கினார்கள். வயது சின்னது, முன்கோபக்காரி என்றார்கள், அப்புறம் கர்ப்பமாகவும் ஆகிவிட்டார். ஊர் வாய்க்குப் பயந்து ஒரு சின்னப் பெண்ணை ஓரங்கட்டியது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் இனப் பிரிவினையைச் சட்டப்படி உடைத்த வழக்கு 1956-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்ததே, அதில் மனுதாரர்கள் நான்கு பெண்கள். கோல்வின் அதில் ஒருவர். ரோசா பார்க்ஸ் அந்த நால்வரில் இல்லை.

சரி, ஒருவர் கைதானார், மறுநாளே ஊரே பஸ்ஸைப் புறக்கணித்துவிட்டதா? கறுப்பினப் பெண்களின் அரசியல் மன்றம் ஒன்று அங்கே இருந்தது. இப்படியே நடத்தினால் பஸ் ஏறமாட்டோம் என்று 1954 மே மாதமே நகர மேயருக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார்கள். அதன் தலைவி ஜோ ஆன் ராபின்சன், கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. கைது செய்தி வந்த அன்று ராத்திரி, ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரியின் சைக்ளோஸ்டைல் மிஷினிலேயே விடிய விடியப் பல்லாயிரம் துண்டு நோட்டீஸ் ஓட்டிவிட்டார். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏற வேண்டாம் என்பதுதான் வாசகம். திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின.

ஒரு நாள் என்று தொடங்கியது 381 நாள் போயிற்று. அம்மாபேட்டையிலிருந்து ஐந்து ரோட்டுக்கு டவுன் பஸ் ஏறாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வேலைக்குப் போய் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள், சித்திரை வெயிலும் அதில் அடக்கம். முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றினார்கள். நகர நிர்வாகம் 45 சென்டுக்குக் குறைந்து வாங்கக்கூடாது என்ற பழைய சட்டத்தைக் காட்டி அதை நிறுத்தியது. உடனே சுமார் 300 சொந்தக் கார்களை வைத்து ஒரு போக்குவரத்தே நடத்தினார்கள், எந்த முனையில் எத்தனை மணிக்கு எந்த வண்டி என்று அட்டவணை போட்டு. தேவாலயங்கள் வேன் வாங்கிக் கொடுத்தன. அந்த வண்டிகளின் இன்சூரன்ஸ் ரத்தானது, லண்டனில் லாய்ட்ஸ் வரை போய் வேறு இன்சூரன்ஸ் எடுத்தார்கள். பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையல்காரம்மா, போராட்டத்துக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னதற்காக வேலையை இழந்தவர், பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுவலும் கேக்கும் செய்து விற்று வாராவாரம் காசு கொண்டுவந்து கொட்டினார். பணம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்ல வசதியாக, தங்கள் குழுவுக்கு 'எங்கிருந்தும் இல்லாத சங்கம்' என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். வாங்கித் தின்றவர்களில் வெள்ளையரும் உண்டு.

கால் வலியை எடுத்துவிட்டு இந்தச் சமையல்காரம்மாவை உங்கள் பேச்சில் சேருங்கள். நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி: அப்போது மார்ட்டின் லூதர் கிங்குக்கு என்ன வயது? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், சூரமங்கலம்)

பதில்: 26, தம்பி. மாண்ட்கமரிக்குப் பாதிரியாராக வந்து ஒரு வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. யாரோடும் பகை இல்லாத புது ஆள் என்பதும் அவரை அந்த பஸ் புறக்கணிப்புக்குத் தலைவராக்கியதற்கு ஒரு காரணம்.

கேள்வி: பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954-இலேயே தீர்ப்பு வந்துவிட்டதே, அப்புறம் ஏன் இத்தனை வருடப் போராட்டம்? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், செவ்வாய்ப்பேட்டை)

பதில்: ஐயா, தீர்ப்பு வந்தது மே 17. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். 'தனித்தனி, ஆனால் சமம்' என்று 1896-இல் அதே நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, பள்ளிக்கூடங்களைப் பொறுத்தவரை அன்றோடு செத்தது. ஆனால் எப்போது செய்ய வேண்டும் என்று தேதி போடவில்லை. அடுத்த வருடம் வந்த உத்தரவும் 'உரிய வேகத்தில்' என்கிற மாதிரி ஒரு வழவழ சொல்லோடு நின்றது. வாய்தா வாங்கத் தெரிந்தவர்களுக்கு அது போதாதா?

1957-இல் அர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைய ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. மறுவருடம் அந்த மாநில ஆளுநர் ஊரின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடிவிட்டார். வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் என்ற மாவட்டம் இதற்கும் ஒரு படி மேல். சேர்ந்து படிக்க வைப்பதற்குப் பதில் 1959 முதல் 1964 வரை ஐந்து வருடம் பொதுப் பள்ளிகள் மொத்தத்தையும் பூட்டிவைத்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஐந்து வருடமும் பள்ளிக்கூடமே கிடையாது. தலைமையாசிரியராக இருந்த உங்களுக்கு அதன் கணக்கை நான் போட்டுக்காட்ட வேண்டியதில்லை. நம் பக்கம் 1951-இல், கல்லூரி இடங்களைச் சாதிவாரியாக ஒதுக்கிய கம்யூனல் ஜி.ஓ. வழக்கில் உச்ச நீதிமன்றம் எதிராகத் தீர்ப்புச் சொன்னதும், சில மாதத்தில் அரசியலமைப்பையே திருத்தினார்கள். அங்கே தீர்ப்பு சாதகமாக வந்தும் ஒரு தலைமுறை தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

கேள்வி: டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததை என் அப்பா பார்த்திருக்கிறார். அமெரிக்க ஓட்டல்களிலும் அப்படியா? (பேக்கரி ஊழியர், கொண்டலாம்பட்டி)

பதில்: அங்கே குவளை இரண்டு இல்லை, நாற்காலியே இல்லை. வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ ஊரில் வூல்வொர்த் என்ற சங்கிலிக் கடை. சோப்பு, சீப்பு, நோட்டு என எல்லாம் விற்பார்கள், யார் வாங்கினாலும் காசு வாங்கிக்கொள்வார்கள், கடைக்குள்ளேயே இருக்கிற சாப்பாட்டு மேசையில் மட்டும் கறுப்பினத்தவர் உட்காரக்கூடாது. 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கல்லூரி மாணவர்கள் போய், பற்பசை மாதிரி சில்லறைச் சாமான் வாங்கி, மேசையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். இங்கே உங்களுக்குத் தர முடியாது என்றபோது, சற்றுத் தள்ளி எங்கள் காசை வாங்கினீர்களே என்பது அவர்கள் வாதம். கடை மூடும் வரை எழவில்லை. மறுநாள் கூட்டம் பெருகியது, அந்த வாரக் கடைசியில் நூற்றுக்கணக்கில் வந்தார்கள், இரண்டு மாதத்தில் தெற்கு மாநிலங்கள் எங்கும் பரவிவிட்டது. ஜூலை 25-ஆம் தேதி கடை இறங்கி வந்தது. முதலில் அந்த மேசையில் சாப்பிட்டவர்கள் அதே கடையில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள். ஒரு பேக்கரி ஊழியருக்கு இது சுவையான தகவலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. நாஷ்வில் நகரத்தில் இதே போராட்டத்துக்கு மாணவர்களை மாதக்கணக்கில் பழக்கியிருந்தார்கள். ஒருவர் உட்கார, மற்றவர்கள் திட்டுவார்கள், தலைமுடியைப் பிடித்து இழுப்பார்கள், சிகரெட் புகையை முகத்தில் ஊதுவார்கள். திருப்பி அடிக்காமல் இருக்கப் பயிற்சி. பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லாசன், கொரியப் போருக்கு ஆள் சேர்த்தபோது மறுத்துச் சிறைக்குப் போனவர், அதன் பிறகு மூன்று வருடம் நம் நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் இருந்து காந்தியின் வழிமுறைகளைப் படித்தவர்.

கேள்வி: அப்படியென்றால் எல்லாம் நாம் கற்றுக்கொடுத்ததுதானே? பெருமைப்படலாமா? (ஜவுளி வியாபாரி, குகை)

பதில்: படுங்கள், ஆனால் முழுக்கதையையும் கேட்டுவிட்டு. கிங்கும் அவர் மனைவி கொரெட்டாவும் 1959-இல் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார்கள், தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் வந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம், படித்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள். தலைமையாசிரியர் கிங்கை அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று சொல்லிவிட்டார். கிங்குக்கு முதலில் சுருக்கென்று இருந்ததாம். பிறகு தன் நாட்டில் சேரியில் அடைபட்டுக் கிடக்கிற இரண்டு கோடிப் பேரை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று ஒத்துக்கொண்டதாக 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் தன் தேவாலயத்திலேயே சொன்னார். இதில் அவர் நம்மிடமிருந்து எடுத்துப்போனது இரண்டு: காந்தியின் முறை ஒன்று, நம் சாதியின் கண்ணாடி இன்னொன்று. முதலாவதை மட்டும் மேடையில் பேசுகிறோம்.

கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் இருந்தது. அம்பேத்கர் 1946-இல் கறுப்பின அறிஞர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபையில் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். 1972-இல் பம்பாயில் தொடங்கிய தலித் பாந்தர் இயக்கம் பெயரையே அமெரிக்காவின் பிளாக் பாந்தர் என்ற கறுப்பினக் கட்சியிடமிருந்து எடுத்துக்கொண்டது.

கேள்வி: பிளாக் பாந்தர் என்றால் துப்பாக்கிக் கோஷ்டிதானே? (ஆட்டோ ஓட்டுநர், ஐந்து ரோடு)

பதில்: துப்பாக்கி இருந்தது, மறைக்கவில்லை. 1969 ஜனவரியிலிருந்து ஓக்லாந்தில் ஒரு தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலைச் சாப்பாடும் போட்டார்கள், பிறகு பல நகரங்களுக்கு அது பரவியது. துப்பாக்கியைவிட இந்தச் சாப்பாட்டைப் பார்த்துத்தான் எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் அதிகம் எரிச்சல்பட்டார் என்று தோன்றும், அவர் அனுப்பிய குறிப்புகளைப் படித்தால். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழ்நாட்டுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: அலபாமாவின் பர்மிங்காமில் சின்னப் பிள்ளைகளைப் போராட்டத்துக்கு அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஆறாவது படிக்கிற பெண் இருக்கிறாள். எப்படி மனசு வந்தது? (இல்லத்தரசி, அம்மாபேட்டை)

பதில்: உங்கள் கேள்வியை அப்போதே பலர் கேட்டார்கள், இன்னொரு கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸும் கண்டித்தார், கிங்கே தயங்கினார். காரணம் இதுதான் அம்மா: பெரியவர்கள் சிறைக்குப் போனால் மறுநாள் வேலை போகும், வாடகை நிற்கும், அதனால் கூட்டம் சேரவில்லை. பிள்ளைகளுக்கு இழக்க வேலை இல்லை. 1963 மே 2 அன்று ஆயிரம் பேருக்கு மேல் வகுப்பை விட்டு வெளியே வந்து பாடிக்கொண்டே நடந்தார்கள், நூற்றுக்கணக்கில் கைதானார்கள். போலீஸ் வண்டி போதாமல் பள்ளி பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். மறுநாள் நகரப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர் தீயணைப்புக் குழாயைத் திறக்கச் சொன்னார், நாய்களை ஏவினார். அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. ஒரு வாரத்தில் நகர வியாபாரிகள் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தார்கள்.

பலன் கிடைத்தது என்பதால் சரியென்று ஆகிவிடுமா? எனக்கு இன்னும் முடிவாகச் சொல்ல வரவில்லை. அதே ஊரில் செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, 16-ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் இறந்தார்கள், மூவருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. அவர்கள் அன்றைக்கு எந்தப் போராட்டத்துக்கும் போகவில்லை, தேவாலயத்துக்குத்தான் போயிருந்தார்கள். குற்றவாளிகளில் முதல் ஆள் தண்டனை பெற்றது 1977-இல், கடைசி ஆள் 2002-இல்.

கேள்வி: என் பெற்றோர் காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தவர்கள். முதலாளி கை காட்டுகிற ஆளுக்குத்தான் ஓட்டு என்றிருந்த காலத்தைச் சொல்வார்கள். அங்கே சட்டத்தில் ஓட்டுரிமை இருந்தும் போட முடியவில்லை என்கிறீர்களே, எப்படி? (ஆசிரியை, ஏற்காடு)

பதில்: கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை 1870-லேயே அரசியலமைப்பில் ஏறிவிட்டது. தெற்கு மாநிலங்கள் அதைப் பட்டியலில் பெயர் சேர்க்கும் இடத்தில் மடக்கின. ஓட்டு வரி கட்டு என்றார்கள், மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படித்து விளக்கம் எழுது என்றார்கள். தேர்ச்சியா இல்லையா என்பது குமாஸ்தாவின் இஷ்டம். சோப்பில் எத்தனை நுரைக்குமிழி என்று கேட்ட குமாஸ்தாக்களும் உண்டு.

ஃபேன்னி லூ ஹேமர் என்ற பெண்ணின் கதை உங்கள் பெற்றோருக்கு உடனே புரியும். மிசிசிப்பியில் பருத்திப் பண்ணையில் 18 வருடம் வேலை, குத்தகைக் குடும்பத்தில் 20-ஆவது பிள்ளை. 1962 ஆகஸ்ட் 31 அன்று 17 பேரோடு ஒரு பழைய பஸ்ஸில் பெயர் பதியப் போனார். தேர்வில் தோற்கடித்தார்கள். திரும்பி வரும்போது போலீஸ் மறித்து, பஸ்ஸின் மஞ்சள் நிறம் ரொம்ப மஞ்சளாக இருக்கிறது என்று அபராதம் போட்டது. நான் கதை விடவில்லை, உண்மையிலேயே அதுதான் காரணம். அன்று இரவே முதலாளி வந்து, மனுவை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்றார். காலி செய்தார். அடுத்த வருடம் வினோனா சிறையில் அவரை அடித்த அடியில் சிறுநீரகம் கெட்டது. 1964-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் இதையெல்லாம் தொலைக்காட்சி முன்னால் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேமராக்களைத் திருப்புவதற்காகவே ஜனாதிபதி ஜான்சன் அவசரமாக ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு வைத்தார். தொலைக்காட்சிக்காரர்கள் ராத்திரி அதைத் திரும்பப் போட்டுவிட்டார்கள், இன்னும் அதிகம் பேர் பார்த்தார்கள். அதே ஜான்சன்தான், அலபாமாவில் செல்மா ஊர்ப் பாலத்தில் 1965 மார்ச் 7 அன்று ஓட்டுரிமை கேட்டுப் போன ஊர்வலக்காரர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதை நாடே பார்த்த பிறகு, ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஓட்டுரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மிசிசிப்பியில் அதற்கு முன் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் 100-க்கு 7 பேர்கூடப் பட்டியலில் இல்லை. மூன்று வருடத்துக்குள் பாதிக்கு மேல் ஏறிவிட்டார்கள்.

கேள்வி: அமெரிக்க அரசு சொந்த மாணவர்களையே சுட்டதாமே? (கல்லூரி மாணவர், அழகாபுரம்)

பதில்: 1970 மே 4, ஒஹையோ மாநிலம் கென்ட் பல்கலைக்கழகம், வியட்நாம் போரைக் கம்போடியாவுக்குள் நீட்டித்ததை எதிர்த்த கூட்டம். தேசியக் காவல் படை 13 வினாடியில் 67 ரவுண்டு சுட்டது, நான்கு மாணவர்கள் செத்தார்கள். பதினோரு நாள் கழித்து மிசிசிப்பியில் ஜாக்சன் ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள், அதைப் பற்றி நீங்கள்கூடக் கேட்கவில்லை பாருங்கள். அப்புறம், அமெரிக்கா வரை போவானேன்: 1950 பிப்ரவரி 11 அன்று உங்கள் பக்கத்தில் இருக்கிற சேலம் மத்திய சிறைக்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வழியாகத்தான் ஏற்காட்டுக்கு வண்டியில் போகிறோம்.

கேள்வி: என் அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். கிங் சாகும்போது குப்பை அள்ளுகிறவர்களுக்காகப் போராடிக்கொண்டிருந்தார் என்று ஒரு வரி போட்டு விட்டுவிட்டீர்கள். விவரமாகச் சொல்லுங்கள். (பட்டதாரி, கிச்சிப்பாளையம்)

பதில்: மெம்பிஸ் நகரம், 1968 பிப்ரவரி 1. நல்ல மழை. குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளர்கள் வெள்ளையர் குடியிருப்புகளில் ஒரு திண்ணையில்கூட ஒதுங்க முடியாது. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவர் குப்பை லாரியின் பின்பகுதிக்குள்ளேயே ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் கோளாறாகித் தானாக ஓடி அவர்களையும் இழுத்து நசுக்கிவிட்டது. லாரிகள் பழசாகிவிட்டன, ஆபத்து என்று முன்பே தொழிலாளர்கள் முறையிட்டிருந்தார்கள். தினக்கூலி மாதிரி வைத்திருந்ததால் காப்பீடு கிடையாது; குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். பிப்ரவரி 12 அன்று 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. சம்பளம் அவ்வளவு குறைவு, முழுநேரம் உழைத்தும் அரசு உதவிக்குத் தகுதி பெறுகிற அளவுக்கு வறுமை. ஆனாலும் கழுத்தில் மாட்டிய அட்டையில் சம்பளத்தைப் பற்றி எழுதவில்லை, 'நான் மனிதன்' என்று மட்டும் எழுதினார்கள்.

கிங்கோடு இருந்தவர்கள் போக வேண்டாம் என்றார்கள், ஏழைகளைத் திரட்டி வாஷிங்டன் போகும் பெரிய திட்டம் கையில் இருந்தது. அவர் போனார். ஏப்ரல் 4 சாயங்காலம் லொரெய்ன் மோட்டலின் மாடி வராந்தாவில் சுடப்பட்டார், வயது 39. ஏப்ரல் 16-ஆம் தேதி மாநகராட்சி அவர்களின் தொழிற்சங்கத்தை அங்கீகரித்து, சம்பள உயர்வும் கொடுத்தது.

ஓய்வூதியம் மட்டும் ஒழுங்காகவில்லை. கிட்டத்தட்ட 50 வருடம் கழித்து, 2017-இல்தான் மெம்பிஸ் நகரம் உயிரோடு மிச்சமிருந்த வேலைநிறுத்தக்காரர்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருவதாக அறிவித்தது, பிறகு அதை 70,000 ஆக்கியது. அப்போது 80 வயதைத் தாண்டிய ஒருவர் இன்னமும் குப்பை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.